மாதிரி விடை

பயிற்சி மையத்தில் முதல் நாள் வருகை எடுக்கும்போது "தோ கும்ரே" என்று கூப்பிட்டார்கள். கும்ரே திரும்பிப் பின் வரிசையைப் பார்த்தாள். அங்கே யாரும் எழுந்திருக்கவில்லை. "தோ கும்ரே அவர்கள் வந்திருக்காங்களா?" என்று பயிற்சியாளர் மறுபடியும் கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தொக்சு முழங்கையால் இடித்தான். ஆயுசு முழுக்கக் கிரேனுக்குச் சைகை காட்டிக் கத்திக் கத்தியே குரல் கிழிந்துபோன ஆள் அவன்.

"ஏ ஜேமுன் அம்மா, உன்னத்தான் கூப்பிடுறாங்க. எந்தக் கும்ரேயத் தேடுற?"

"அடக் கடவுளே, நான்தானே அது! இருக்கேன் டீச்சர், இருக்கேன்."

வகுப்பே சிரித்தது. சிரித்த பெண்களில் பாதிப் பேர் அன்றைக்குத் தங்கள் பெயருக்குத் தாங்களே திரும்பிப் பார்த்தவர்கள்தான். சோபோ துறைமுகத்தில் பிள்ளை பிறந்த அன்றே பெண்ணின் பெயர் போய்விடும். மாமியாரிலிருந்து மீன்காரி வரைக்கும் பிள்ளை பெயரைச் சொல்லித்தான் அம்மாவைக் கூப்பிடுவார்கள். கப்பல் கட்டும் தளத்தில் வேலைக்குப் போன பெண்களுக்கு ஹெல்மெட்டில் பெயர் எழுதித்தான் கொடுத்தார்கள். அதை எவன் படித்தான்?

கும்ரேயின் ஜேமுன் செத்துச் சில வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் ஊர் அவளை ஜேமுன் அம்மா என்றே கூப்பிட்டது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் அதைக் கேட்டுச் சங்கடப்படுவதுண்டு. அவளுக்கு அதில் சங்கடம் எதுவும் இல்லை. பிள்ளையின் பெயரை யாராவது ஒருத்தர் தினமும் வாய்விட்டுச் சொல்கிறார்களே, அது போதும் என்று இருந்தாள்.

அவன் செத்த கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்லத் தெம்பிருக்காது. வெல்டிங் வேலைக்கு ஆர்கான் என்றொரு வாயு விடுவார்கள். மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. காற்றைவிடக் கனமானது, ஆகவே தொட்டியின் அடியில் போய்த் தங்கி, மூச்சு விடுகிற காற்றை வெளியே தள்ளிவிடும். கப்பலின் அடித்தொட்டி ஒன்றில் வெல்டிங் பற்று சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவர ஜேமுனை இறங்கச் சொன்னார்கள். காற்று ஊதும் விசிறியை யாரோ வேறு இடத்துக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். வாயு இருக்கிறதா என்று அளந்து பார்க்க ஆளில்லை. இறங்கினவன் ஏணியின் கீழேயே உட்கார்ந்துவிட்டான். அதே தளத்தில் அடுத்த பிளாக்கில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த கும்ரேக்குச் சங்குச் சத்தம் கேட்டது. மதியச் சோற்றுக்கு ஊதுகிறார்கள் என்று நினைத்துத் தூரிகையைக் கழுவப் போனாள்.

அதற்கப்புறமும் அவள் அந்த வேலையை விடவில்லை. எங்கே போவாள்? ஆனால் ஆள் மாறிப்போனாள். தொட்டி வாயில் வாயுமானியை இறக்கிப் பார்க்காமல் ஒருத்தரையும் உள்ளே விடமாட்டாள். அது அவள் வேலையே இல்லை, அவள் பெயின்ட்காரி. ஒரு நாள் கப்பலை ஒப்படைக்கும் தேதி நெருங்கிவிட்டதென்று மேஸ்திரி அவசரப்படுத்தினான். இவள் போய் ஆள் இறங்குகிற துவாரத்தின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மேஸ்திரி வாய்க்கு வந்தபடி திட்டினான். "எந்திரிடி! உங்கப்பன் வீட்டுக் கப்பலா?" என்று காலால் அவள் வாளியை எட்டி உதைத்தான். அவள் அசையவில்லை. கடைசியில் வாயுமானியைக் கொண்டுவந்து இறக்கினார்கள், அது கீச்சென்று கத்தியது. மேஸ்திரியின் முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே இறங்க வரிசையில் நின்ற பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த மாதமே ஆட்குறைப்பு வந்தது. முதல் ஆளாக அவளைத்தான் அனுப்பினார்கள்.

கொஞ்ச நாளில் ஊரே அவள் பின்னால் வந்துவிட்டது. கப்பலுக்கு ஆர்டர் நின்றது, சப்-கான்ட்ராக்ட் கம்பெனிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. தலைநகரில் கூடிப் பேசினார்கள். சோபோவைச் சிறப்பு வேலைவாய்ப்புப் பகுதி என்று அறிவித்தார்கள். உடனே மழைக்கு முளைத்த காளான் மாதிரி தெருவுக்குத் தெரு பயிற்சி மையம் வந்தது. ஆயுசெல்லாம் இரும்பு வெட்டினவனைக் காப்பி போடப் படி என்றார்கள். டிரோன் விடப் படி என்றார்கள். எவன் காப்பி குடிப்பான் இந்த ஊரில், சம்பளமே இல்லாதபோது? ஆனாலும் ஜனங்கள் போனார்கள். வகுப்புக்கு ஒழுங்காக வந்தால் அரசாங்கம் உதவித்தொகை கொடுத்தது, வகுப்பறையில் குளிருக்குச் சூடும் இருந்தது.

கும்ரே சேர்ந்தது நகர வசதிக் கழக வேலைக்கான பயிற்சி. கழுவுநீர் ஏற்றும் நிலையங்கள், பூமிக்கடியில் இருக்கும் தொட்டிகள் எல்லாம் அந்தக் கழகத்தின் பொறுப்பு. அங்கே ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது: குழிகளில் ஆள் இறங்கும்போது வாயிலில் நின்று காவல் காக்கும் பாதுகாப்புப் பணியாளர். ஓய்வு பெறும் வயது வரை நிரந்தர வேலை. அறிவிப்பில் ஒரு வரி இருந்தது, அதை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். ஆபத்து என்று பட்டால் வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் இந்தப் பணியாளருக்கு உண்டு.

"நிறுத்துன்னா நிறுத்தணும். மேஸ்திரி வந்து வாளிய உதைக்க முடியாது" என்று வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவன் மீன் ஏலக்கடையில் பெட்டி தூக்குகிறவன். பிள்ளை போனதிலிருந்து கப்பல் தளத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன். "கிடைச்சா நல்லதுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாணலியில் மீனைத் திருப்பிப் போட்டான்.

உலகத்தில் வேறு எந்த வேலைக்கும் அவள் இப்படி ஆசைப்பட்டதில்லை. ஆனால் அந்த வேலைக்குப் போகும் வழியில் ஒரு சட்டம் குறுக்கே உட்கார்ந்திருந்தது.

நல்ல சட்டம்தான், சும்மா சொல்லக்கூடாது. முன்னெல்லாம் இந்தக் கழக வேலைகள் யார் மருமகன், எந்தப் பள்ளிக்கூடத்து ஆள், எந்த ஊர்க்காரன் என்று பார்த்துத்தான் போகும். அரசாங்கம் அதற்குக் கண்ணைக் கட்டிவிட்டது. விண்ணப்பத்தில் புகைப்படம் கிடையாது. நேர்காணலில் பெயரும் கிடையாது, எண்தான். கேள்வி கேட்பவர்கள் வெளியூரிலிருந்து வருவார்கள். குடும்பம், ஊர், பள்ளிக்கூடம், வயது இவற்றில் ஒன்று வாய்தவறி வந்தாலும் ஆளைக் கழித்துவிடுவார்கள்.

இந்தச் சட்டத்தை அவர்களுக்கு ஊட்டுவதுதான் பயிற்சியாளர் ஹாயுனின் வேலை. தலைநகரத்துப் பெண், முப்பதைத் தொட்ட வயசு. பேச்சில் ஒரு பிசிறு இருக்காது. அவள் பிழைப்பும் லேசானதில்லை. எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று வருஷக் கடைசியில் அமைச்சகம் கணக்குக் கேட்கும். அது குறைந்தால் மையத்தை மூடுவார்கள், இவளையும் அனுப்புவார்கள். எல்லாருக்கும் நிரந்தர வேலை வாங்கித் தரக் கற்றுக்கொடுத்தவளுக்கு வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தம்தான். இந்தக் கூத்தை என்னவென்று சொல்ல?

"நீங்க உங்களப் பத்திச் சொல்லுங்க" என்று மாதிரி நேர்காணலில் ஹாயுன் ஆரம்பிப்பாள்.

"நான் ஜேமுன் அம்மா..."

"கழிஞ்சது! அடுத்து."

தொக்சுவுக்குச் சிரிப்புத் தாங்காது. "உனக்கு வேற பேரே கிடையாதா? எண் ஏழுன்னு சொல்லேன், அழகா இருக்கு, ஜெயில்ல கூப்பிடுற மாதிரி."

"நீ உன் வாய அடக்கு. உனக்கு நேர்காணல் வரட்டும், அப்பப் பார்க்குறேன்."

அவளுக்கு முன்னாலேயே அவனுக்கு வந்தது, வாகனக் கொட்டகையில் ஒரு வேலைக்கு. நன்றாகத்தான் பேசினானாம். முடித்துக்கொண்டு எழுந்திருக்கும்போது கேள்வி கேட்டவரின் பேச்சில் தெற்கத்தி வாடை அடித்ததாம். தொக்சுவின் வாய் பழகின வாய். "சாருக்கு எந்த ஊரு? பேச்சக் கேட்டா நம்ம பக்கம் மாதிரி இருக்கே!" என்று கேட்டுத் தொலைத்தான். இந்த நாட்டில் புது ஆளைக் கண்டால் ஊர் கேட்காமல் எவனால் இருக்க முடியும்? கேட்காவிட்டால்தான் மரியாதைக் குறைவு. அன்றைக்குக் கேட்டதால் வேலை போயிற்று.

"காலையில எம் பொண்டாட்டி கடல்பாசி சூப்பு வச்சுட்டா. பரீட்சையன்னிக்கு அதக் குடிச்சா வழுக்கும்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் வழுக்கல, சூப்புதான் வழுக்கிச்சு" என்று வகுப்பில் எல்லாரையும் சிரிக்கவைத்தான். அப்புறம் வாசலுக்குப் போய் வெகுநேரம் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றான். அதைக் கும்ரே பார்த்தாள்.

தன்னைப் பற்றிச் சொல்வதை ஒருவழியாகக் கற்றுக்கொண்டாள். சிக்கல் அடுத்த கேள்வியில்தான் இருந்தது. நெருக்கடியான நேரத்திலும் விதியை விட்டுக்கொடுக்காமல் நின்ற அனுபவம் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். கும்ரே துவாரத்தின் மேல் உட்கார்ந்த கதையைச் சொன்னதும் ஹாயுன் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டாள்.

"இதவிட நல்ல பதில் இந்த நாட்டுலயே யார்கிட்டயும் இருக்காது. அப்படியே சொல்லுங்க. ஆனா ஏன் அப்படிச் செஞ்சீங்கன்னு கேட்பாங்க. என்ன சொல்வீங்க?"

"ஏன்னா எம் பிள்ள..."

ஹாயுன் கையைத் தூக்கினாள், ஆனால் 'கழிஞ்சது' என்று கத்தவில்லை. அவளுக்கு விஷயம் தெரியும். "சக ஊழியர்னு சொல்லுங்க" என்றாள் மெல்ல. "பொய் இல்லியே. ஒரே தளத்துலதானே வேலை பார்த்தாரு?"

"பொய் இல்லதான்."

"அப்ப சொல்லுங்க. 'முன்பு ஒரு சக ஊழியரை இழந்த அனுபவமே காரணம்.'"

"முன்பு ஒரு..." என்று தொடங்கினாள். அதற்குமேல் வரவில்லை. அடுத்த நாளும் முயன்றாள், வரவில்லை. வீட்டில் பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பார்த்தாள். பஸ்ஸில் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒரு வார்த்தை, வெறும் வார்த்தை, அதற்குப் போய் இப்படியா என்று தன்மேலேயே கோபம் வந்தது. ஒரு நாள் வகுப்பில் பெஞ்சைத் தட்டி, "என்னத்துக்கு டீச்சர் இந்தச் சட்டம்? பெத்தவளப் பெத்தவள்னு சொல்லக்கூடாதுன்னு எந்த மகராசன் எழுதினான்?" என்று கத்தியேவிட்டாள்.

"உங்களுக்கு எதிரா எழுதல அம்மா. அமைச்சரோட மச்சான் அந்த இடத்துல வந்து உட்காரக்கூடாதுன்னுதான் எழுதினாங்க. இந்தச் சட்டம் இல்லன்னா உங்களுக்கு அந்த அறைக்குள்ள கால் வைக்கவே இடம் கிடைக்காது."

அதுவும் உண்மைதான். கடைசி வாரத்தில் அந்த வாக்கியம் வந்துவிட்டது. முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் சொல்லிமுடித்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். வாக்கியம் சுலபமாக வந்துவிட்டதே என்று அவளுக்குத் திகில்தான் ஏற்பட்டது.

நேர்காணல் அன்று வகுப்புக்காரர்கள் அரிசி மிட்டாய் கொடுத்து அனுப்பினார்கள். பிசுபிசுவென்று பல்லில் ஒட்டும், அதைத் தின்றால் வேலையும் ஒட்டிக்கொள்ளும் என்று நம்பிக்கை. கழகத்தின் மாடியில் ஒரு தாழ்வாரம். பேச்சுக்குரல் இல்லாமல் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், நெஞ்சில் எண் குத்தியிருந்தது. பக்கத்தில் இருந்த வாட்டசாட்டமான இளைஞனுக்குக் கால் ஆடிக்கொண்டே இருந்தது. ஜேமுனுக்கும் பயம் வந்தால் கால்தான் ஆடும். கும்ரே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"எண் ஏழு, உள்ளே வாங்க."

மேசைக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவர் முடி நரைத்த குழுத் தலைவர், சட்டைப் பையில் கண்ணாடி தொங்கியது. பக்கத்தில் கறுப்புக் கோட்டுப் போட்ட பெண், கையில் பேனா, எதிரே மதிப்பெண் தாள். கும்ரே இடுப்பு வளைத்து வணங்கிவிட்டு உட்கார்ந்தாள். தன்னைப் பற்றிச் சொன்னாள். ஊர் வரவில்லை, வயசு வரவில்லை, யாருடைய அம்மா என்பதும் வரவில்லை. விதியைப் பற்றிய கேள்வி, சொன்னபடியே வந்தது. துவாரத்தின் மேல் உட்கார்ந்த கதையைச் சொன்னாள். மேஸ்திரி வாளியை உதைத்ததைச் சொன்னபோது தலைவர் லேசாகச் சிரித்தார். வாயுமானி கத்தியது என்றபோது அவர் சிரிப்பு போய்விட்டது.

"அவ்வளவு பேர் திட்டியும் எழுந்திருக்கலயே, ஏன்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"முன்பு ஒரு சக ஊழியரை இழந்த அனுபவமே காரணம்."

வந்துவிட்டது. மடமடவென்று வந்துவிட்டது. பெண் எழுதிக்கொண்டாள். அவ்வளவுதான், இனி எழுந்து வணங்கிவிட்டு வெளியே போக வேண்டியதுதான்.

"அந்தச் சக ஊழியர்..." என்று தலைவர் சாவதானமாக ஆரம்பித்தார். "அவர உங்களுக்கு நல்லாத் தெரியுமா?"

இந்தக் கேள்விக்கு யாரும் அவளைத் தயார் செய்யவில்லை. நல்லாத் தெரியுமா என்கிறார்! எந்தக் காலை முதலில் தரையில் ஊன்றி நடந்தான் என்று தெரியும். முள்ளங்கி ஊறுகாயில் அடியில் கிடக்கிற துண்டுதான் வேண்டும் என்று அடம்பிடிப்பான் என்று தெரியும். கும்ரேயின் வாய் தானாகத் திறந்தது.

"மகன்..."

பெண்ணின் பேனா நின்றது. அவள் தலைவரைப் பார்த்தாள், பிறகு தாளின் ஓரத்தில் இருந்த ஒரு சின்னக் கட்டத்தை நோக்கிப் பேனாவை நகர்த்தினாள். குடும்பத்தைக் குறிப்பிட்டவர் என்பதற்கான கட்டம் அது. ஹாயுன் அதைப் பலகையில் வரைந்து காட்டியிருக்கிறாள்.

தலைவர் பேனாவுக்கு மேலே கையை நீட்டினார். "அவங்க முடிக்கட்டும்" என்றார். பிறகு கும்ரேயை நேராகப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக, "மகன் மாதிரி. அப்படித்தானே சொல்ல வந்தீங்க?" என்று கேட்டார்.

அவர் கதவைத் திறந்துபிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. ஆமாம் என்றால் போதும். ஆமாம் என்றால் நாளைக்கு ஏதோ ஒரு குழி வாயில் அவள் நிற்பாள், நிறுத்து என்றால் நிற்கும். இல்லை என்றால் வெளியே கால் ஆட்டிக்கொண்டிருக்கிற பையனோ வேறு யாரோ வந்து நிற்பான், அவன் மேஸ்திரி கத்தினால் நகர்ந்துவிடுவான். அவள் மடியில் கையைப் பிசைந்தாள். பிள்ளையை மனசுக்குள் கூப்பிட்டு, பொறுத்துக்கடா என்று சொன்னாள்.

"ஆமாங்க" என்றாள். "மகன் மாதிரி."

பேனா கட்டத்தைத் தொடாமல் திரும்பிப் போயிற்று.

வீட்டுக்கு வந்தபோது புருஷன் அடுப்பில் சோயா விழுது கரைத்துத் தென்ஜாங் குழம்பு வைத்துக்கொண்டிருந்தான். "எப்படி?" என்று கேட்டான். செருப்பைக் கழற்றாமலே வாசற்படியில் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் சொன்னாள். மாதிரி என்ற வார்த்தைக்கு வந்ததும் அவன் கரண்டி நின்றது.

"வேற என்ன சொல்ல முடியும்? சொல்லித்தானே ஆகணும்" என்றான்.

"நீங்களா இருந்தா சொல்லியிருப்பீங்களா?"

அவன் மறுபடியும் குழம்பைக் கிண்டினான்.

"சொல்லுங்க! நீங்களா இருந்தா, நாக்கு வருமா உங்களுக்கு? மாதிரியாம் மாதிரி! வேலைக்காகப் பெத்த பிள்ளைய இல்லன்னுட்டு வந்திருக்கேன், நீங்க குழம்பக் கிண்டிக்கிட்டு நிக்கிறீங்க!"

அவன் அடுப்பை அணைத்தான். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "எனக்கு வராது" என்றான். "அதனாலதான் நான் எங்கயும் போகாம மீன் பெட்டி தூக்குறேன். நீ துணிஞ்சு போன." குழம்பு ஆறிப்போய் அப்படியே இருந்தது.

வேலை கிடைத்தது. அதைச் சொல்லப் போனபோது அந்த அறையில் நடந்ததையும் ஹாயுனிடம் ஒன்று விடாமல் சொன்னாள். கழகத்தின் நீலச் சட்டை, நெஞ்சில் பெயர் அட்டை, தோளில் தொங்கும் வாயுமானி. அவள் குழி வாயில் உட்கார்ந்திருக்கிற தோரணையைப் பார்த்தாலே பாதி ஆட்களுக்கு இறங்குகிற எண்ணம் போய்விடும். ஒரு தடவை இளம் எஞ்சினியர் ஒருவன், ரெண்டே நிமிஷம்தான் அக்கா, எட்டிப் பார்த்துட்டு வந்துடுறேன் என்று கெஞ்சினான். "ரெண்டு நிமிஷம் போதும்யா சாகுறதுக்கு. உட்காரு" என்றாள். உட்கார்ந்தான். அவன் அம்மா யாரோ, எந்த ஊரிலோ, அவளுக்கு இது தெரியவே போவதில்லை. அன்று சாயங்காலம் கும்ரே பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். அதற்கு முன்னால் எப்போது பாடினாள் என்று அவளுக்கே நினைவில்லை.

அடுத்த வருஷம் ஹாயுன் போன் செய்தாள். குரலில் சந்தோஷம் வழிந்தது. கணக்குத் தேறிவிட்டதாம், அவள் ஒப்பந்தத்தையும் புதுப்பித்துவிட்டார்களாம். "புது வகுப்பு ஆரம்பிச்சிருக்கு அம்மா. நீங்க வந்து ஒரு வார்த்தை பேசணும். எங்க மையத்தோட வெற்றியே நீங்கதானே!" வரமாட்டேன் என்று சொல்ல மனசு வரவில்லை. ஒரு பை நிறைய ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனாள்.

வகுப்பறைக் கதவு பாதி திறந்திருந்தது. மாதிரி நேர்காணல் நடந்துகொண்டிருந்ததால் முடியட்டும் என்று வெளியிலேயே நின்றாள். பக்கத்து ஊர் எஞ்சின் தொழிற்சாலையிலிருந்து வந்த ஆட்கள் போல இருந்தது, தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. கண்ணாடி போட்ட ஒல்லியான ஆள் ஒருவன் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, மடியில் இருந்த அச்சுத்தாளை ஓரக்கண்ணால் பார்த்தபடி ஒப்பித்துக்கொண்டிருந்தான்.

"எத்தனை பேர் அவசரப்படுத்தினாலும் நான் பாதுகாப்பு விதியை விட்டுக்கொடுக்கவில்லை. முன்பு என்னுடன் பணியாற்றிய, மகன் மாதிரி இருந்த சக ஊழியர் ஒருவரை இழந்த அனுபவமே அதற்குக் காரணம்."

கும்ரேயின் கையிலிருந்த பை கனத்தது.

"நல்லாருக்கு" என்றாள் ஹாயுன், கதவுக்கு முதுகைக் காட்டியபடி. "ஆனா உங்க வயசுக்கு மகன் பொருந்தாது. தம்பி மாதிரின்னு மாத்திக்கங்க. 'மாதிரி'ங்கற வார்த்தையை மட்டும் விட்டுடாதீங்க, அதுதான் முக்கியம். அடுத்தது யாரு?"

குட்டைமுடிக்காரப் பெண் ஒருத்தி எழுந்தாள். "மகன் மாதிரி இருந்த சக ஊழியர் ஒருவரை..." என்று ஆரம்பித்தவளுக்குப் பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ, எல்லாரும் ஒரே ஆளச் சாகடிக்கிறோமே டீச்சர்!" என்றாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவளுக்கு என்ன தெரியும்?

கும்ரே உள்ளே போனாள். ஹாயுன் திரும்பிப் பார்த்தாள். ஒரு கணம் முகம் மலர்ந்தது, உடனே வெளுத்தது. "வாங்க, வாங்க... இவங்கதான் தோ கும்ரே அவர்கள். நான் சொன்னேனே..." என்று தடுமாறினாள். எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். கும்ரே ஆரஞ்சுப் பையை மேசைமேல் வைத்துவிட்டு, கண்ணாடிக்காரன் எதிரில் போய் நின்றாள்.

"தம்பி, அந்தப் பையன் பேரு என்ன?"

"எந்தப் பையன் அக்கா?"

"இப்பச் சொன்னீங்களே. செத்துப்போனவன்."

அவன் குழம்பிப்போய்த் தாளைப் பார்த்தான். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான். "இதுல பேரு போடலீங்களே" என்றான்.

"அம்மா, நான் உங்ககிட்ட முதல்லயே கேட்டிருக்கணும்" என்று ஹாயுன் அருகில் வந்து கிசுகிசுத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "வேற யாருக்கும் இப்படி ஒரு பதில் அமையல. இவங்களுக்கும் வேலை வேணும்... மன்னிச்சிருங்க."

கும்ரேக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. நேர்காணல் அறையில் விலை பேசி விற்றது தான்தானே, இவள் நகல் எடுத்திருக்கிறாள், அவ்வளவுதானே என்று தோன்றியது. ஆனால் நெஞ்சு பற்றி எரிந்தது. இங்கே மதிப்பெண் தாள் இல்லை, ஓரத்தில் கட்டம் இல்லை. அவள் நெஞ்சில் எண்ணும் இல்லை.

"எழுதிக்கங்க தம்பி" என்றாள். "ஜேமுன். யாங் ஜேமுன். நான் பெத்த பிள்ள. மாதிரி கீதிரின்னு ஒண்ணும் கிடையாது."